இலவசமாகப் போட்ட கணக்குக்கு வரிக்கழிவு உண்டா?

கேள்வி: வயது 75. ஆக்சுவரியாக (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு ஆயுள் கணக்குப் போடுபவர்) இருந்து ஓய்வு பெற்றவன், நியூ ஜெர்சியில் மனைவியோடு இருக்கிறேன். இங்குள்ள ஒரு சிறிய அறக்கட்டளை நன்கொடையாளர்களுக்கு கிஃப்ட் ஆன்யூட்டி தருகிறது. அதன் ரிசர்வ் கணக்கை, அதாவது அந்தத் தொகைகளைத் தர எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதை, நான்தான் காசு வாங்காமல் போட்டுக்கொடுக்கிறேன். இந்த வருடம் 60 மணி நேரம் ஆகிவிட்டது. மணிக்கு 300 டாலர் என்றால் 18,000 டாலர். அதை நன்கொடையாக வரியில் காட்டலாமா? ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கிலிருந்து 54,000 டாலர் எடுத்து அங்கேயே ஆன்யூட்டி போடலாமா?

பதில்: 18,000 டாலர் விஷயம் முதலில்: காட்ட முடியாது. உழைப்புக்கும் நேரத்துக்கும் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) விலை போடுவதில்லை. அந்தப் பணம் உங்களுக்கு வருமானமாக வந்து வரி கட்டியிருந்தால்தானே கழிக்க முடியும்? கைக்காசு செலவழித்தது வேறு. கார் ஓட்டியதற்கு மைலுக்கு 14 சென்ட், பார்க்கிங், டோல் எல்லாம் கழியும். 2025 கணக்கில் அதுவும் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவர்களுக்குத்தான். பட்டியல் போடாமலே கிடைக்கும் நிலையான கழிவே 65 வயது தாண்டிய தம்பதிக்கு 2025-இல் 34,700 டாலர். உங்கள் டோல் ரசீதுகள் அதைத் தாண்டப் போவதில்லை.

சரி, ஆன்யூட்டிக்கு வருவோம். மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: பணத்தை அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுகிறோம், அவர்கள் ஆயுள் முழுக்க ஒரே தொகையை வருடா வருடம் தருகிறார்கள், நம் காலத்துக்குப் பிறகு மிஞ்சியது அவர்களுடையது. பெரும்பாலான அறக்கட்டளைகள் அமெரிக்க கிஃப்ட் ஆன்யூட்டி கவுன்சில் பரிந்துரைக்கும் விகிதத்தைப் பின்பற்றுகின்றன. 1927-இல் தொடங்கிய அமைப்பு அது. 2024 ஜனவரியில் வந்த பட்டியலில் 75 வயதுக்கு 7.0 சதவீதம். உங்களுக்கு வருடம் 3,780 டாலர். போட்ட முதல் திரும்பி வரவே 14 வருடத்துக்கு மேல் ஆகும், அப்போது உங்களுக்கு 89 வயது. கொடுத்த தொகையில் பாதியாவது அறக்கட்டளைக்கு மிஞ்ச வேண்டும் என்று வைத்துத்தான் விகிதத்தையே போடுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி இதைவிடக் கூடுதலாகத் தரும். ஆகவே இதை முதலீடு என்று நினைக்காதீர்கள். நன்கொடைதான், கூடவே ஒரு சிறு வருமானம். விலைவாசி ஏறினாலும் அந்த 3,780 ஏறாது.

ஐ.ஆர்.ஏ. வழி உங்களுக்குப் பொருந்துகிறது. எழுபதரை வயது தாண்டியவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு வருடத்தில் இப்படிப் போடலாம், 2025-க்கு உச்சவரம்பு நீங்கள் சொன்ன 54,000தான். எடுக்கும் தொகை ஃபெடரல் வரிக்கான வருமானத்தில் சேராது, உங்கள் வயதில் ஐ.ஆர்.ஏ.விலிருந்து அந்த வருடம் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையிலும் கழியும். ஆனால் தனியாக நன்கொடைக் கழிவு கிடையாது, அப்புறம் வரும் ஆன்யூட்டி முழுவதற்கும் வரி உண்டு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அறக்கட்டளை சிறியது என்கிறீர்கள். எத்தனை பேர் ஆன்யூட்டி வாங்குகிறார்கள்? ஆயிரம் பேர் இருந்தால் இறப்பு விகித அட்டவணை சொன்னபடி நடக்கும். பன்னிரண்டே பேர் என்றால் ஒரு பாட்டி 99 வரை திடமாக இருந்தாலே கணக்கு ஆட்டம் கண்டுவிடும், அதிலும் பெரிய தொகை போட்டவர் அவர்தான் என்றால் கேட்கவே வேண்டாம். இது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் ரிசர்வைத் தனியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வங்கி டெபாசிட்டுக்கு இருப்பது போன்ற அரசு உத்தரவாதம் இதற்கு இல்லை, அறக்கட்டளையின் சொத்துதான் ஈடு. வந்த பணத்தை உடனே கட்டிடத்தில் போட்டுவிட்டார்களா, சில ஒப்பந்தங்களையாவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றிவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியாள் யாருக்கும் இது தெரியாது. உங்கள் 60 மணி நேரத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

அதனாலேயே இரண்டையும் ஒரே இடத்தில் செய்யாதீர்கள் என்பேன். ரிசர்வ் போதும் என்று கையெழுத்துப் போடுபவரும் அதிலிருந்து பணம் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் நன்றாகவா இருக்கும்? உங்கள் தொழில் நெறிமுறை, எல்லோருக்கும் சொல்லி எல்லோரும் ஒப்புக்கொண்டால் செய்ய இடம் தருகிறது. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்தை வேறு ஆக்சுவரியிடம் விடுவேன், இல்லாவிட்டால் ஆன்யூட்டியை வேறு பெரிய அறக்கட்டளையில் போடுவேன். இன்னொன்று: இலவசமாகச் செய்தாலும் கையெழுத்து கையெழுத்துதான், கருத்துரை தருவதற்கான தகுதி விதிகளும் தொடர்கல்வி மணிகளும் உங்களுக்கும் உண்டு. அறக்கட்டளையின் பொறுப்புக் காப்பீட்டில் தொண்டர்களும் சேர்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போடுவதென்று முடிவானால் பணம் உங்கள் கணக்குக்கு வரக்கூடாது, ஐ.ஆர்.ஏ. வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நேராகப் போக வேண்டும். டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், காசோலை தபாலில் மாட்டிக்கொண்டால் அந்த வருடக் கணக்கில் வராமல் போகலாம்.