சேவல் எப்படிக் கூவும்னு கேளுங்க தம்பி

ஏப்ரல்ல ஜப்பான்ல ஒரு தொடக்கப்பள்ளிக்கு உதவி ஆங்கில ஆசிரியரா வர்றேன், பிள்ளைங்க கொட்டாவி விடாத மாதிரி என்னென்ன தலைப்புல பாடம் எடுக்கலாம், தாஜ்மஹால், யானை, பொங்கல்னு படமெல்லாம் சேர்த்து வச்சிருக்கேன், அது போதுமாக்கான்னு கேட்டிருந்தீங்க தம்பி.

ஒரு நாளைக்குப் போதும். அதுக்கு மேல தாங்காது. 11 வருஷத்துக்கு முன்னாடி நானும் 40 ஸ்லைடோடதான் வந்து இறங்குனேன். பிள்ளைங்க மரியாதையா, சத்தமே இல்லாம பார்த்துச்சுங்க. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், அதுங்களுக்கு வாயைத் திறக்க வேலையே இல்ல. கடைசியில அஞ்சு நிமிஷம் மிச்சம். வேற வழி தெரியாம போர்டுல ஒரு சேவலை வரைஞ்சு, இது எப்படிக் கூவும்னு கேட்டேன். "கொகேகொக்கோ!"ன்னு வகுப்பே கத்துச்சு. எங்க ஊர்ல "கொக்கரக்கோ"ன்னேன். ஆச்சரியம், கிட்டத்தட்ட ஒண்ணுதானே! இங்கிலீஷ் சேவல் "காக்-எ-டூடுல்-டூ"ன்னு கூவும்னதும் ஒரு பையன் சிரிச்சே நாற்காலியிலேருந்து சரிஞ்சுட்டான். அடுத்த வாரம் நாய் (இங்க "வான் வான்"), பூனை, மாடுன்னு போச்சு. மூணாம் வகுப்புக்கு இன்னைக்கும் என் முதல் பாடம் இதுதான்.

கணக்கை முதல்ல தெரிஞ்சுக்குங்க. 2020லேருந்து மூணு, நாலாம் வகுப்புக்கு வருஷத்துக்கு 35 இங்கிலீஷ் பீரியட், அஞ்சு, ஆறுக்கு 70. ஒரு பீரியட் 45 நிமிஷம். அதாவது சின்னதுங்களை வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பீங்க. போன வாரம் சொன்னது இந்த வாரம் பாதி காணாமப் போயிருக்கும். அதனால வாரம் ஒரு புதுத் தலைப்புன்னு ஓடாதீங்க. அதே நாலு வாக்கியத்துக்கு மூணு வாரம் வேற வேற சட்டை மாட்டுங்க. "எவ்வளவு?"ங்கிற கேள்வியை ஒரு வாரம் பழக்கடையா, அடுத்த வாரம் பேப்பரோட வர்ற சூப்பர்மார்க்கெட் நோட்டீஸை வச்சு. அந்த நோட்டீஸுக்கு "சிராஷி"ன்னு பேரு, அக்கம்பக்கத்துல கேட்டா கட்டுக்கட்டா கிடைக்கும். 198 யென், 398 யென்னு எண் சொல்ற பழக்கமும் தானா வந்துடும்.

உச்சரிப்புக்குக் கைதட்டல் பாடம். "ஐஸ் க்ரீம்"ங்கிறதை ஜப்பான் பிள்ளைங்க "ஆ-இ-சு-கு-ரீ-மு"ன்னு சொல்லும். அந்த "ரீ"க்கு ரெண்டு தட்டு, ஆக மொத்தம் ஏழு. இங்கிலீஷ்ல ரெண்டே தட்டு. மெக்டொனால்ட்ஸுக்கு ஜப்பான்ல ஆறு, இங்கிலீஷ்ல மூணு. தட்டிப் பார்த்தா அதுங்களுக்கே சிரிப்பு வரும், ஒட்டிக்கிட்ட உயிரெழுத்தை அதுங்களே உதிர்க்கும். இதுல அமெரிக்காக்காரரைவிட நமக்குத்தான் லாபம். நாமளும் பஸ்ஸை "பஸ்ஸு"ன்னும் பாலை "பாலு"ன்னும் இழுக்கிற ஆளுங்கதானே? எங்க ஊர்லயும் இப்படித்தான்னு சொல்லிப் பாருங்க, கூச்சம் பாதி போயிடும்.

ஆனா எனக்குப் பிடிச்ச பாடம் செப்டம்பர்ல வரும். 1923ல கான்டோ நிலநடுக்கம் நடந்த செப்டம்பர் 1 இங்க பேரிடர் தடுப்பு நாள், அதையொட்டிப் பள்ளிகள்ல பயிற்சி நடக்கும். முதல் வருஷம் ஒலிபெருக்கி அலறினதும் நான் மரம் மாதிரி நின்னேன். நம்ம ஊர்ல யாரு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா? ரெண்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி என் கையைப் பிடிச்சு மேசைக்கு அடியில இழுத்தா. அதையே பாடமாக்கிட்டேன். பிள்ளைங்களுக்கு "ஓ-ஹா-ஷி-மோ" மனப்பாடம், நாலு ஜப்பானியக் கட்டளையோட முதல் எழுத்துங்க: தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. "டோன்ட் புஷ், டோன்ட் ரன், டோன்ட் டாக், டோன்ட் கோ பேக்." நான் ஒண்ணும் தெரியாத புதுசா வந்த ஆள். அதுங்க இங்கிலீஷ்ல கட்டளை போட்டு என்னை மைதானம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். வேணும்னே நான் ஓடுவேன், பையை எடுக்கத் திரும்புவேன். வருஷம் பூரா வாய் திறக்காத பிள்ளைகூட அன்னைக்கு "டோன்ட் கோ பேக்!"ன்னு கத்தும்.

பிப்ரவரி தொடக்கத்துல "செட்சுபுன்" வரும், பேயை வெளியே விரட்டிப் பயறு எறியுற நாள். சோம்பேறிப் பேய், கேம் பேய்னு தன் பேயைத் தாளில வரைஞ்சு, இங்கிலீஷ்ல பேர் எழுதி, காகித உருண்டையால அடிக்கச் சொல்லுங்க. நம்ம போகியை ரெண்டு வரியில சொல்ல அதுதான் சரியான இடம், தனி ஸ்லைடு வேண்டாம்.

ஆறாம் வகுப்பு கொஞ்சம் முறைக்கும். அதுங்களுக்குப் போலி இங்கிலீஷ் வேட்டை. பரீட்சையில காப்பி அடிக்கிறதுக்கு இங்க "கன்னிங்", அடுக்குமாடி வீட்டுக்கு "மான்ஷன்", பஃபே சாப்பாட்டுக்கு "வைகிங்". இந்தக் கடைசிப் பேரு 1958ல டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல்ல தொடங்கின உணவகத்துலேருந்து பரவுனது. எங்க ஊர்ல "பிட்டு அடிக்கிறது"ன்னு நானும் என் பங்கைக் கொடுப்பேன். கன்னிங்னா நிஜ இங்கிலீஷ்ல தந்திரம்னு அர்த்தம்னு தெரிஞ்சதும் முறைக்கிறவங்களே அடுத்த சொல்லைத் தேடிக்கிட்டு வருவாங்க.

ஒண்ணு மட்டும் கவனம். தனியா ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்காதீங்க, உறைஞ்சு போயிடும். முதல்ல ஜோடியா பேசவிடுங்க, யாரு முதல்னு "ஜான்கென்" (கல், காகிதம், கத்தரிக்கோல்னு கையில காட்டுற விளையாட்டு) போட்டு அதுங்களே முடிவு பண்ணிக்கும். வகுப்பு நம்முடையது இல்ல, வகுப்பாசிரியரோடது. யோசனையை ஒரு வாரம் முன்னாடியே தாள்ல படம் போட்டுக் காட்டிடுங்க. அன்னைக்குக் காலையில போய்ச் சொன்னா சிரிச்சுக்கிட்டே "கொஞ்சம் கஷ்டம்"பாங்க. முடியாதுன்னு அர்த்தம்.

அப்புறம், பள்ளிக்குள்ள போட தனிச் செருப்பு வேணும், வெளியில போட்டதோட உள்ளே நுழையக் கூடாது. உங்க கால் பெரிசுன்னா ஊர்லேருந்தே ஒரு ஜோடி புது கேன்வாஸ் ஷூ வாங்கிட்டு வந்துடுங்க. இங்க பெரிய சைஸுக்கு நான் அலைஞ்ச அலைச்சல் போதும்.