பழனி என்பது ஊரா, ஆளா?

‘பழனி’ ஊர்ப் பெயரா, ஆள் பெயரா, பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஊர்தான் முதலில், முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைப்பது வழக்கம். பழனிச்சாமி, பழனியப்பன், பழனியம்மாள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்த முருகனிடம் ‘பழம் நீ’ என்றதால் பழனி ஆனது என்பார்கள். அழகான கதை, ஆனால் கதைதான். வயலைக் குறிக்கும் ‘பழனம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அகநானூற்றின் முதல் பாட்டில் வரும் ‘பொதினி’ இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. சிலர் ‘பழநி’ என்றும் எழுதுவார்கள்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? வேற்றுமை உருபைப் பாருங்கள். ‘பழனியில் இருக்கிறது’ என்றால் ஊர்; ‘பழனியிடம் இருக்கிறது’ என்றால் ஆள். பஸ்ஸில் ‘பழனி வந்துவிட்டது’ என்போம், வீட்டு வாசலில் ‘பழனி வந்துவிட்டான்’ என்போம். ‘கு’ உருபில்தான் மாட்டிக்கொள்வோம். ‘பழனிக்கு எவ்வளவு?’ என்றால் டிக்கெட் விலையாகவும் இருக்கலாம், பழனி அண்ணனுக்குத் தர வேண்டிய கூலியாகவும் இருக்கலாம்.