குதிரைக்குக் குளம்புக்குள் ஜவ்வு கிழிந்து, மூட்டும் தேய்ந்திருக்கிறது என்கிறார்கள். இனி நடக்குமா, விற்றுவிடுவதா?

நடக்கும். ஊர்வலத்தில் பழையபடி ஆடுமா என்றால் அதற்குப் பதில் வேறு.

முன்னங்கால், 12 வயது, டாக்டர் 'ரெஸ்ட் கொடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனார், வீட்டில் எல்லாரும் விற்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப்போல ஒற்றைக் குதிரை வைத்துக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். பந்தயக் குதிரைக்காரராக இருந்தால் உங்களுக்கென்று ஒரு டாக்டர் இருப்பார், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. அப்பா காட்பாடி ஸ்டேஷனுக்கும் வேலூருக்கும் ஜட்கா ஓட்டியவர். ஷேர் ஆட்டோ வந்த பிறகு வண்டியை விறகுக்கடைக்குப் போட்டார், குதிரையைக் கொடுக்கவில்லை. அந்த வழியில் வந்ததுதான் எங்கள் செவலை. கல்யாணத்துக்குக் குதிரையை இழுத்துப்போவதே பாவம் என்று சொல்ல வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இருக்கலாம், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சம்பாத்தியம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் குதிரையே இருந்திருக்காது.

மூன்று வருடம் முன்பு, வைகாசி மாதம், ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சாக்கடைக்குத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய தெரு. செவலையின் இடது முன்கால் ஒரு சிமெண்ட் பலகையின் ஓரத்தில் இறங்கி, குளம்பு பக்கவாட்டில் மடங்கியது. விழவில்லை. நான்கு அடி நொண்டியது, அப்புறம் நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து லாடத்தைக் கழற்றி ஆணி ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்றுமில்லை. வீக்கமும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, குளம்புக்குள் அடிபட்டால் வெளியே வீங்கவே வேண்டியதில்லை.

இப்போது சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. அந்த மாதம் இன்னும் இரண்டு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டு மருந்துக்கடையில் வலி மருந்து வாங்கினேன். பினைல்பியூட்டசோன். கொடுத்த மறுநாளே நொண்டல் நின்றது. ஆறிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இரண்டு ஊர்வலத்துக்கும் கூட்டிப்போனேன். வலிதான் போயிருந்தது, கிழிசல் அப்படியே இருந்தது. வலி இல்லாததால் அந்தக் காலை அது முழுசாக ஊன்றியிருக்கிறது. அரைக் கிழிசலாக இருந்ததை முக்கால் ஆக்கியது நான்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டாவது ஊர்வலத்துக்கு முன் பயத்தில் இன்னொரு வலி ஊசியும் சேர்த்துப் போட வைத்தேன். அப்படி இரண்டு வகை வலி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். செவலை மூன்று நாள் கொள்ளு வைத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அந்த இரண்டாவது கல்யாண வீட்டுக்காரர்கள் பாக்கி மூவாயிரத்தை இன்றுவரை தரவில்லை. திரும்பி வரும்போது குதிரை நொண்டியதாம், சகுனம் சரியில்லையாம், அட்வான்ஸையும் திருப்பிக் கேட்டார்கள். ஆகாயத்தில் கேமரா பறக்கவிட்டவர்கள், மூன்று ஐஸ்கிரீம் போட்டவர்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம் என்று குதிரையைச் சொல்வார்கள். குதிரை பாவம், அந்தப் பழமொழி மனிதர்களைப் பார்த்து வைத்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

மருந்தை நிறுத்தியதும் நொண்டல் இரட்டிப்பாக வந்தது. நடக்கும்போது தலை ஆடியது. உங்கள் குதிரையிலும் கவனியுங்கள்: முன்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும்.

மச்சான் ஒருவரைக் கூட்டிவந்தார், கணுக்காலில் சூடு போட்டால் சரியாகிவிடும் என்று. எங்கள் பக்கம் மாட்டுக்கும் குதிரைக்கும் நொண்டல் என்றால் முதல் வைத்தியம் அதுதான். கம்பி காய்ந்துகொண்டிருக்கும்போது அப்பா திண்ணையிலிருந்து, "இன்னாடா, அது கால்ல கீற நோவு போதாதா?" என்றார். அவரும் அந்தக் காலத்தில் சூடு போட்டவர்தான். அன்றைக்கு ஏனோ வேண்டாம் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் பழைய சண்டைகளையெல்லாம் விட்டுவிட்டேன். மேலே தோலைச் சுட்டால் உள்ளே இருக்கிற ஜவ்வு எப்படி ஆறும்? புண்ணைக் கண்டு நாம் குதிரையை ஓய்வாகக் கட்டிப்போடுகிறோம், அந்த ஓய்வில் ஆறுகிறது, பெயர் சூட்டுக்குப் போகிறது.

நாடு முழுவதிலுமிருந்து மனிதர்கள் வைத்தியத்துக்கு வேலூருக்கு வருகிறார்கள். நாங்கள் வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர், ஒரு 407 மினி லாரியில் வைக்கோலைப் பரப்பி, செவலையை ஏற்றிக்கொண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். குளம்புக்குச் சற்று மேலே பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மரத்துப்போகிற ஊசி போட்டு, பத்து நிமிடம் கழித்து நடக்கவிட்டார்கள். நொண்டல் முக்கால்வாசி போய்விட்டது. அப்படியென்றால் கோளாறு தோளிலோ முழங்காலிலோ இல்லை, பாதத்தில்தான் என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கிற கடைசி மூட்டின் ஓரத்தில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருந்தது. அது பழைய தேய்மானம், அடிபடுவதற்கு முன்பே இருந்தது. அந்த மூட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் ஜவ்வில் வெளிப்பக்கத்தது கிழிந்திருந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஜவ்வின் குளம்புக்கு மேலே இருக்கிற துண்டுதான் தெரியும், குளம்பின் ஓட்டைத் தாண்டி அந்த ஸ்கேன் போகாது. முழுசாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அது நம் கைக்கு எட்டுகிற செலவா, விட்டுவிட்டோம்.

டாக்டரம்மா சொன்னதன் சுருக்கம்: ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் ஆறும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது, ஆனால் வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜவ்வுக்கு ஓய்வு வேண்டும், தேய்ந்த மூட்டுக்கு நடை வேண்டும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. உங்களுக்குச் சொன்ன வெறும் 'ரெஸ்ட்' போதாது என்று நான் சொல்வது இதனால்தான். எத்தனை நாள் ரெஸ்ட், அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் நடை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எங்களுக்கு முதல் எட்டு வாரம் லாயத்திலேயே. தரையில் மரத்தூள் கனமாகப் போட்டோம். ஒன்பதாவது வாரத்திலிருந்து கையில் பிடித்து ஐந்து நிமிடம், காலை மாலை. பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினோம். நேர்கோட்டில் மட்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டமாக ஓடவிடுவதை மறந்துவிடுங்கள், திரும்பும்போதுதான் அந்தப் பக்க ஜவ்வு இழுபடும். இங்கே எல்லாரும் சொன்ன யோசனை, பாலாற்று மணலில் நடத்து, மெத்தென்று இருக்கும் என்பது. நானும் நம்பினேன். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆழமான மணலில் குளம்பு ஒருபக்கமாகப் புதைந்தால் அதே ஜவ்வுதான் மறுபடி இழுபடும். எங்கள் ஊர் ஏரிக்கரை நேராக, கெட்டியாக, சமமாக இருக்கிறது. அதிலேயே விடிவதற்கு முன் நடத்தினோம். தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள், அந்த ஆறும் இதற்கு உதவவில்லை.

லாடம்தான் பெரிய பாடு. மாட்டு லாடம் அடிக்கிறவர்கள் சந்தைக்குச் சந்தை இருக்கிறார்கள். குதிரை லாடம் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வயதான பாய் வந்தார். முன்பெல்லாம் நாங்கள் இரண்டரை மாதத்துக்கு ஒருமுறைதான் குளம்பு வெட்டுவோம். குளம்பின் முன்முனை நீண்டு, குதிப்பக்கம் தாழ்ந்து போயிருந்தது. முன்முனை நீண்டால் ஒவ்வோர் அடியிலும் உள்ளே இருப்பதெல்லாம் நெம்புகோல் போட்டு இழுத்த மாதிரி இழுபடும். பாய் முன்முனையைக் குறைத்து, ஜவ்வு கிழிந்த பக்கம் மட்டும் அகலமாக ஒரு லாடம் அடித்துக் கொடுத்தார், அந்தப் பக்கம் மண்ணில் புதையாமல் இருக்க. டாக்டரம்மா தாளில் வரைந்து கொடுத்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம வாப்பா காலத்துல இதுதான்" என்றார். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அவரைக் கூட்டிவர பஸ் செலவு, கூலி எல்லாம் சேர்த்து மருந்தைவிட அதிகம் ஆயிற்று. பரவாயில்லை.

கொள்ளைக் கிட்டத்தட்ட நிறுத்தினோம். வேலை இல்லாமல் கட்டிக்கிடக்கிற குதிரைக்குப் பழையபடி கொள்ளும் தவிடும் போட்டால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சி வரும், எடையும் ஏறும். குதிரையின் எடையில் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டு அத்தை, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுகிறான் என்று தெரு முழுக்கச் சொன்னார். புல்லும் வைக்கோலும் முன்னால் எப்போதும் கிடந்தன, அது அவர் கண்ணில் படவில்லை.

மூட்டுக்குள் ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு ஐந்தாவது மாதத்துக்குப் பிறகுதான் போட்டார்கள். ஸ்டீராய்டு ஜவ்வு ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் முதலில் வேண்டாம் என்று விட்டார்கள். போட்ட பிறகு நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஊசி போட்டவுடன் குதிரை நன்றாக நடப்பதைப் பார்த்து நடையைக் கூட்டிவிடாதீர்கள். நான் செய்த முதல் தப்பும் அதே ஜாதிதான்.

ஒன்பதாவது மாதம் நேர்ப்பாதையில் மெல்ல ஓடியது. இப்போது 17 வயது. காலையில் முதல் பத்தடி கட்டையாக நடக்கும், அப்புறம் இளகிவிடும். மார்கழியில் இளக நேரமாகும். ஊர்வலத்துக்கு விடுவதில்லை. நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆமாம், அப்பாவின் ஜட்காவைத் தூக்கிச் சாப்பிட்ட அதே ஷேர் ஆட்டோதான். சிரித்துக்கொள்ளுங்கள்.

விற்பதைப் பற்றி நான் அறிவுரை சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும்: நொண்டுகிற குதிரையை வாங்க வருகிறவர் அதை ஒரு வருடம் கட்டிவைத்து ஆற்றுவதற்காக வாங்க மாட்டார். வலி மருந்து போட்டு அன்றைக்கு நன்றாக நடக்கவைத்து விற்கும் யோசனையை யாராவது சொல்லியிருந்தால், தயவு செய்து வேண்டாம்.

நாளைக் காலை அடிபட்ட காலைப் பார்க்குமுன், எதிர்க் கால் குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இத்தனை நாளாகப் பாரத்தைச் சுமப்பது அதுதான். அது அனலாக இருந்தாலோ, குளம்புக்கு மேலே பின்பக்கம் விரல் வைத்தால் நாடி தட்டித் தட்டித் துடித்தாலோ, மற்றதெல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது குளம்பு வெட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள், கேள்வியில் அது இல்லை.