மான் வரணும்னா எதையும் நடாதீங்க, முதல்ல உண்ணிச்செடியை எடுங்க

பெங்களூரு அல்சூர்ல இருந்து ஒரு வாசகர் கேக்கறார்: ஆனேக்கல் பக்கம் பன்னேர்கட்டா காட்டை ஒட்டி 3 ஏக்கர் வாங்கியிருக்கேன், புள்ளிமான் அப்பப்போ வந்து போகுது, இன்னும் நல்லா வரணும்னா தீவனப்புல் போடலாமா, உப்புக்கட்டி வைக்கலாமா?

சார், ரெண்டுமே வேணாம். ஒரே இடத்துல தினம் தீனி கெடைச்சா கூட்டம் அங்கயே அடைஞ்சு நிக்கும், மாடும் அங்க வந்து வாய் வெச்சா நோய் ஒட்டும், மானைத் தேடி சிறுத்தையும் வரும்.

புள்ளிமானுக்கு வேண்டியது குட்டைப் புல்லு, பக்கத்துலயே ஒளிய புதர். அந்தப் புல்லைத்தான் உண்ணிச்செடி, அதாவது லாண்டானா புதர், கொல்லுது, அடியில வெயிலே விழாது. சும்மா மேலால வெட்டினீங்கன்னா ஒண்ணுக்கு நாலா தழையும். மழை பேஞ்சு மண்ணு இளகினப்போ, பூ வர்றதுக்கு முன்னாடி, தண்டு மண்ணுல இறங்கற எடத்துக்கு ரெண்டு விரக்கடை கீழ குந்தாலியால ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழா கவுத்து வெச்சிடுங்க, வேர் மண்ணைத் தொடக்கூடாது, தொட்டா திரும்ப புடிச்சுக்கும். டெல்லி பல்கலைக்கழகத்து சி.ஆர். பாபு குழு சொல்லிக்குடுத்த முறை இது. 3 ஏக்கரையும் ஒரே மூச்சுல மொட்டை அடிக்காதீங்க, மான் ஒளிய எடம் இல்லாம போயிடும், வருஷத்துக்கு ஒரு பங்கு போதும். பறவை எச்சத்துல மறுபடி முளைக்கும், பிஞ்சுலயே புடுங்கிடணும். அருகம்புல்லும் மத்த உள்ளூர்ப் புல்லும் பெரும்பாலும் தானா வந்துடும். இருக்கற நெல்லி, இலந்தை, நாவல் மரத்துல கை வைக்காதீங்க, உதிர்ற காயை மான் பொறுக்கித் தின்னும், நெல்லி விதையைப் பரப்பறதே அதுங்கதான்.

அப்புறம் வேலி. முள்கம்பி போட்டிருந்தா கீழ்க் கம்பியைக் கிட்டப் போய் பாருங்க, செம்பட்டை முடி கொத்தா ஒட்டியிருந்தா மான் அதுக்கு அடியிலதான் நுழையுதுன்னு அர்த்தம், ஒவ்வொரு தடவையும் முதுகைக் கிழிச்சுக்கிட்டு. கீழ்க் கம்பியை முள்ளில்லாததா மாத்தி தரையிலிருந்து ஒன்றரை அடி ஏத்துங்க, மேல்கம்பி மூணரை அடிக்கு மேல வேணாம்.

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், காவலுக்குன்னு நாயை அவுத்து விடாதீங்க. ஊரோரத்துல மானைத் துரத்திக் கொல்றதுல தெருநாய்ங்க பங்கு ரொம்ப பெருசு.

தண்ணிக்கு சிமெண்ட் தொட்டி கட்டாதீங்க, செங்குத்து சுவர்ல குட்டி விழுந்தா ஏற முடியாது. தாம்பாளம் மாதிரி சரிவான சின்ன குட்டை போதும். ஆனா அந்தக் காட்டுல யானை இருக்கு, தண்ணின்னா அதுவும் வரும், பக்கத்து ராகி வயல்காரங்க கிட்டயும் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்லயும் பேசாம தோண்டாதீங்க.

புல்லுல குட்டி தனியா படுத்திருந்தா பாவம்னு தூக்கிடாதீங்க, தாய் பக்கத்துலதான் எங்கயாவது மேஞ்சுட்டிருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைப் புடிச்சு வளக்கறது குத்தம். சத்தமில்லாம திரும்பி வந்துடுங்க, நாயை மட்டும் அந்தப் பக்கம் விடாதீங்க.