வெள்ளம் தாங்கும் நெல்: வன்னி வயலுக்கு மரபணு ஆய்வு என்ன தரும்?

கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “காலபோகத்தில் வெள்ளம் நின்றால் பயிர் அழுகிப்போகிறது. வெள்ளம் தாங்கும் மரபணு உள்ள நெல் வந்துவிட்டது என்கிறார்கள். அதை விதைத்தால் தப்பலாமா? அது மரபணு மாற்றிய நெல்லா? அப்பு காலத்து மொட்டைக்கறுப்பன் நெல் விதையை ஆய்வுக்கென்று பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?”

ஐயா, உங்கள் பயிர் எந்த வயதில் தண்ணீருக்குள் போகிறது? அதைப் பொறுத்துத்தான் பதில்.

நீங்கள் கேள்விப்பட்டது ‘சப்1’ என்ற மரபணுவாக இருக்கும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில் இருந்தது. அது இன்ன மரபணு என்று 2006இல் கண்டறிந்தார்கள். சாதாரண நெல் மூழ்கினால் தண்ணீருக்கு மேலே வர அவசரப்பட்டு நீளும். கையிருப்பு மாச்சத்தெல்லாம் அதிலேயே செலவாகிவிட, வெள்ளம் வடிந்ததும் சாய்ந்து செத்துப்போகும். சப்1 உள்ள பயிர் நீளாமல் அடங்கிக் கிடக்கும். இரண்டு கிழமை வரை முழுதாக மூழ்கியிருந்தாலும், வடிந்தபின் திரும்பத் துளிர்க்கும். இந்தியாவில் இந்த மரபணு ஏறிய ‘சுவர்ணா சப்1’ 2009இல் வெளியானது.

ஆனால் நம் பக்கம் நடுகை குறைவு, விதைப்புத்தானே அதிகம். விதைத்து நாலைந்து நாளில் மழை கொட்டி, முளை தண்ணீருக்குள் அழுகுவது வேறு பிரச்சினை. சப்1 அதற்கு உதவாது. காற்றில்லாத சேற்றுத் தண்ணீருக்குள் முளைத்து மேலே வரச்செய்யும் மரபணு வேறொன்று. மியன்மாரின் ஒரு பழைய நெல்லில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூக்கும் நேரத்தில் வரும் வெள்ளத்துக்கும் சப்1 பெரிதாகக் கைகொடுக்காது. ஆகவே 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது உங்கள் காணியில் பயிருக்கு என்ன வயது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று நினைவிருந்தால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு வந்த வெள்ளங்களையும் சேருங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் “வெள்ளம் தாங்கும் நெல் வேணும்” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “விதைத்த கிழமையே மூழ்குகிறது, அதற்கு ஏற்ற இனம் உண்டா?” என்று கேட்டால் அவருக்கும் வழி தெரியும்.

அப்புறம், மரபணு மாற்றிய நெல்லா என்ற பயம். சப்1 நெல் அப்படி வந்ததல்ல. ஒரு நெல்லின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்க்கும் வழமையான கலப்புத்தான். புதுசு எதுவென்றால் தெரிவு செய்யும் விதம். முன்பெல்லாம் கலப்பில் பிறந்த பயிர்களை மூழ்கடித்து, எது பிழைக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். இப்போது நாற்றில் சின்ன இலைத்துண்டு கிள்ளி ஆய்வுகூடத்தில் பார்த்தால் போதும். மரபணு இருப்பதை வளர்ப்பார்கள், இல்லாததைக் கழிப்பார்கள். பல வருட வேலை இதனால் சுருங்குகிறது.

பூநகரிப் பக்கம் போல உவர் ஏறும் காணி என்றால் காத்திருக்கவே தேவையில்லை. ஏ.ரி. 354 இருக்கிறது. கேரளத்தின் பொக்காளி நெல்லைச் சேர்த்து உருவாக்கிய இனம் அது. பொக்காளியின் உவர் தாங்கும் தன்மையில் ஒரு பங்கு முதலாவது நிறமூர்த்தத்தில் (மரபணுக்கள் வரிசையாக இருக்கும் இழை) இருக்கிறது என்பது பிறகு தெரியவந்தது.

சரி, மொட்டைக்கறுப்பன். கொடுங்கள் ஐயா, கட்டாயம் கொடுங்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான கபில நிறத் தத்தியை எதிர்க்கும் மரபணுக்கூட்டம் ஒன்றை 2015இல் கண்டுபிடித்தது நம் இலங்கையின் பழைய நெல்லான ‘ரத்து ஹீனட்டி’யில்தான். வெள்ளம் தாங்கும் பழைய நெல்லினங்களின் பட்டியலிலும் எஃப்.ஆர். 13ஏயோடு தவளு, கொட ஹீனட்டி, குர்கறுப்பன் என்ற இலங்கைப் பெயர்கள் இருக்கின்றன. இவையெல்லாம் யாரோ ஒரு கமக்காரன் விடாமல் விதைத்து வந்ததால் கிடைத்தவை. உங்கள் நெல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதும் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் வெறும் விதையை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பாதியை வீட்டில் வையுங்கள். விதையோடு ஊர்ப்பெயர், எந்த மண், எத்தனை மாதம், எந்த வருத்தத்துக்கு நின்றது என்று அப்பு சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். கதை தெரியாத விதையில் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்தான். ஆய்வின் முடிவு உங்களுக்குத் தமிழில் வர வேண்டும், பயிர் விதைகளைச் சேமித்து வைக்கும் கன்னொறுவை மரபணு வங்கியிலும் ஒரு பங்கு சேர வேண்டும் என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் அறிவியல் நகரில், உங்களுக்குக் கிட்டத்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் விதை கொடுக்கும் அன்று கூட்டிக்கொண்டு போங்கள். இந்தத் துறைக்கு ஆய்வுகூட வேலை தெரிந்தவர்கள் மட்டும் போதாது, வயலைப் பார்த்துக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

விதை எடுக்கும்போது வரம்போரத்துக் கதிரைத் தொடாதீர்கள், பக்கத்து வயல் நெல் கலந்திருக்கும். நடுவயலில், ஒரே உயரமும் ஒரே நிறமுமாக முற்றிய கதிர்களைக் கையால் பறித்து, தனியாக உதிர்த்து, பல்லில் வைத்தால் நறுக்கென்று உடையும்வரை காயவிட்டு, காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் கொடுங்கள்.