16.4 என்று எழுதுவதா, 16.40 என்று எழுதுவதா? வேதியியல் அளவீடுகள் குறித்த கேள்வி பதில்

அளவீட்டுப் பிழை, முக்கிய எண்ணுருக்கள் (ஓர் அளவீட்டில் உறுதியான இலக்கங்களும், மதிப்பிட்ட கடைசி இலக்கமும்) பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளி ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பியூரெட் (அளவுக் கோடுகள் உள்ள கண்ணாடிக் குழாய்) அளவை 16.4 மி.லி. என்று எழுதினேன். 16.40 என்று திருத்தினார்கள். இரண்டும் ஒன்றுதானே, சார்?

கணக்கு நோட்டில் ஒன்றுதான், தம்பி. ஆய்வக நோட்டில் இல்லை. நம் பியூரெட்டில் மிகச் சிறிய பிரிவு 0.1 மி.லி. பிறைத்தளம் (குழாயில் வளைந்து நிற்கும் திரவ மேற்பரப்பு) இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் 16.45, சரியாகக் கோட்டின்மேல் நின்றால் 16.40. அந்தக் கடைசி இலக்கம் கண்ணால் மதிப்பிட்டது. அதற்கு முந்தியவை உறுதியானவை. 16.4 என்று நிறுத்தினால், கோடுகளுக்கு இடையே நீங்கள் பார்க்கவே இல்லை என்றாகிவிடும். பெர்மாங்கனேட் கரைசலில் கீழ்ப்பிறை தெரியாது என்பதால் மேல் விளிம்பைப் படியுங்கள்; தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் அதே விளிம்புதான்.

ஆக்சாலிக் அமிலப் புட்டியில் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) என்று ஒட்டியிருந்தது. 20.00 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 16.40 மி.லி. அமிலம் செலவானது. விடையை எத்தனை இலக்கத்தில் எழுத வேண்டும்?

ஒரு மோல் ஆக்சாலிக் அமிலம் இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரியும் என்பதால் 2 × 0.1 × 16.40 ÷ 20.00, கால்குலேட்டரில் 0.164 வரும். விதிப்படி எழுதினால் விடை 0.2 மோலார்! பெருக்கல், வகுத்தலில் எந்த எண்ணுக்கு முக்கிய எண்ணுருக்கள் குறைவோ, அதன் எண்ணிக்கையைத்தான் விடையும் பெறும். இங்கே அந்த ஏழை எண், லேபிளில் இருக்கும் 0.1. பியூரெட்டை எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் பலனில்லை.

ஆகவே எத்தனை கிராம் எடை போட்டுக் கரைத்தார்கள் என்று ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். 250.0 மி.லி. கரைசலில் 3.19 கிராம் என்று அவர் சொன்னால், படிக அமிலத்தின் மூலக்கூறு நிறை 126.07 என்பதால் செறிவு 0.101 மோலார். இப்போது விடையை 0.166 மோலார் என்று மூன்று இலக்கத்தில் தைரியமாக எழுதலாம். சமன்பாட்டிலிருந்து வந்த அந்த 2 எண்ணி வந்த எண், அளந்து வந்ததல்ல. அதற்குப் பிழை கிடையாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இலக்கங்களைக் குறைப்பதைக் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் குறைத்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

மெக்னீசியம் நாடாவை மூசையில் (சூடாக்கும் சிறு கிண்ணம்) எரித்தேன். வெறும் மூசை 32.25 கிராம், நாடாவுடன் 32.47, எரித்த பின் 32.61. மெக்னீசியம்–ஆக்சிஜன் மோல் விகிதம் 1.03 வருகிறது. MgO என்ற வாய்பாடு தவறா?

வாய்பாடு சரிதான். 1.03-ஐத்தான் நம்ப வேண்டாம். நான்கு இலக்க எடைகளைக் கழித்ததும் கையில் மிஞ்சியது 0.22, 0.14 என இரண்டிரண்டு இலக்கங்கள். கழித்தலில் தசம இடங்கள் நிற்கும், முக்கிய எண்ணுருக்கள் காணாமல் போகும். தராசு 0.01 கிராம் முன்னே பின்னே காட்டியிருந்தால் ஆக்சிஜன் 0.13 அல்லது 0.15, விகிதம் 1.11 அல்லது 0.97. எனவே 1.0 என்று எழுதிவிட்டு மேலே போங்கள். அதிக நாடா எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கும். மூடியைத் திறந்தபோது வெள்ளைப் புகை வெளியேறியிருந்தால் அது வேறு வகைப் பிழை. எத்தனை தசம இடம் எழுதினாலும் அது பிடிபடாது.

மகளுக்கு ஒரு இலக்கம் விட்டுப்போனதற்கு அரை மதிப்பெண் போனது. அந்தக் கடைசி இலக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

அரை மதிப்பெண்ணைக் குறைத்தது கறார்தான், அம்மா. ஆனால் ஆர்கான் என்ற வாயு கிடைத்ததே அப்படிப்பட்ட இலக்கங்களால்தான். இயற்பியலாளர் ராலே பிரபு ஒரே கண்ணாடிக் கோளத்தில் நைட்ரஜனை நிரப்பி எடை போட்டார். காற்றிலிருந்து பிரித்தது 2.3102 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்றது சராசரியாக 2.2993 கிராம். வித்தியாசம் அரை சதவீதம் அளவுதான். ஒரு தசம இடத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டுமே 2.3. காற்று நைட்ரஜனை வெவ்வேறு முறைகளில் தயாரித்தபோதும் எடைகள் நான்காம் தசம இடத்தில்தான் மாறின. ஆகவே இரண்டாம் தசம இடத்தில் தெரிந்த வித்தியாசத்தைத் தராசின்மேல் பழிபோட்டு அவரால் ஒதுக்க முடியவில்லை. 1894-இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் காரணத்தை அறிவித்தார்கள்: காற்றில் கலந்திருந்த, யாரும் அறியாத ஒரு வாயு. அதுதான் ஆர்கான். 1904-இல் ராலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

முழுமையாக்கும்போது கடைசி இலக்கம் சரியாக 5 ஆக இருந்தால்?

முந்திய இலக்கம் இரட்டைப்படை என்றால் விட்டுவிடுங்கள், ஒற்றைப்படை என்றால் ஒன்று கூட்டுங்கள். 2.45 என்பது 2.4 ஆகும், 2.35-உம் 2.4 ஆகும். எப்போதும் கூட்டிக்கொண்டே போனால் சராசரி மேலே நகரும். இதைத் தாண்டி யோசிக்க இதில் ஒன்றுமில்லை.

ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2.0 × 10⁻⁵ மோலார். பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் மடக்கை அளவு) 4.7-ஆ, 4.70-ஆ?

4.70. புள்ளிக்கு முன்னால் நிற்கும் 4, பத்தின் அடுக்கிலிருந்து வருவது. அது முக்கிய எண்ணுருவில் சேராது. 2.0-இல் உள்ள இரண்டு இலக்கங்களுக்கு ஈடாகப் புள்ளிக்குப் பின் இரண்டு. இது கணக்குக்கு. பி.எச். மீட்டரில் படிக்கும்போது அது 4.7 என்று மட்டும் காட்டினால், நீங்களாக ஒரு பூஜ்யம் சேர்க்காதீர்கள்.