இலங்கையின் நானுஓயா–எல்ல ரயிலில் முழு ஆட்டோவில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கி வருகின்றன, லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் லென்ஸில் பிழை இருக்காது. திருத்தக் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள்.

முழு ஆட்டோவில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். வழியில் பட்டிப்பொல பக்கம் மூடுபனி இறங்கி வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தைக் குறைத்திருக்கும். ரயில் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் ஆட்டம் இருக்கிறதே!

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்து மலை தெளிவாக இருந்து, கிட்ட உள்ள தேயிலைச் செடி மட்டும் இழுபட்டிருந்தால் அது ரயில் ஓட்டத்தால் வந்தது. எல்லாமே கலங்கியிருந்தால், முழங்கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றியிருக்கலாம். பெட்டியின் அதிர்வு நேரே கேமராவுக்கு வரும். கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள்.

அப்புறம், நினைத்தவுடன் கிளம்புகிறவருக்கு முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பே வசதி. ஜன்னல் திறக்கும், டிக்கெட்டும் அன்றைக்கே ஸ்டேஷனில் எடுக்கலாம். இருக்கை கிடைப்பது வேறு கதை.

பனி அடர்ந்தால் 1/1000-இல் ஐஎஸ்ஓ ஏறி, படம் புள்ளி புள்ளியாக வரலாம், 1/500-க்கு இறக்குங்கள். கதவில் தொங்கி மட்டும் எடுக்க வேண்டாம். பட்டிப்பொல தாண்டியதும் சுரங்கம் வரும், சுவர் மிகக் கிட்ட இருக்கும்.